பேண்டிகூட் என்ற சொல்லும் ஒரு தவறான படமும்: எல்லையோரப் பள்ளி ஒன்றில் நடந்தது

பின்னணி

பள்ளிப்பட்டு வட்டாரத்தில், ஆந்திர எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். திருத்தணியும் பள்ளிப்பட்டும் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. வரைபடத்தில் கோடு நகர்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இங்கே பல வீடுகளில் பேச்சு தெலுங்குதான். பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ், பாடப்புத்தகத்தின் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலம் என்று மூன்றையும் சேர்த்தே சுமக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டே நான் செய்த பிழையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவியும் ஒரு மாணவனும் சேர்ந்து அறிவியல் கண்காட்சிக்கு ‘நம் வயலைத் தின்னும் எலிகள்’ என்ற தலைப்பை எடுத்தார்கள். தலைப்பை நான் சொல்லவில்லை. மாணவியின் அப்பா வேர்க்கடலையும் கொஞ்சம் கரும்பும் வைத்திருப்பவர். அந்தப் போகத்தில் எலித்தொல்லை அதிகம், வீட்டில் தினமும் அதே பேச்சு. தெலுங்கு பேசும் வீடு. மாணவன் தமிழ் வீட்டுப் பிள்ளை, நன்றாக வரைவான், கணினியில் எதையும் தேடி எடுத்துவிடுவான்.

களவேலையை நன்றாகவே செய்திருந்தார்கள். வரப்பில் எத்தனை வளைகள், வாயில் எவ்வளவு மண் குவிந்திருக்கிறது, எந்தப் பாத்தியில் செடி வாடியிருக்கிறது என்று நோட்டில் குறித்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “மேலே செடி பச்சையாக இருக்கிறது, பிடுங்கினால் கீழே காய் இல்லை.”

படம் வந்த வழி

சார்ட்டின் நடுவில் ஒரு பெரிய படம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எலிகளிலேயே பெரியது பெருச்சாளி. அகராதியைப் பார்த்தார்கள், பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் பேண்டிகூட் என்று இருந்தது, சரியாகத்தான் இருந்தது. அந்தச் சொல்லை மாணவன் பள்ளிக் கணினியில் தட்டினான். முதலில் வந்த நல்ல படத்தை ஜெராக்ஸ் கடையில் கலரில் பிரிண்ட் எடுத்தார்கள். கூர்மையான நீண்ட மூக்கு, நிமிர்ந்த காது, பின்புறத்தில் வெளிர்ப்பட்டைகள். படத்தோடு வந்த குறிப்பையும் தமிழாக்கி எழுதினார்கள்: குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும், பை பின்பக்கமாகத் திறக்கும், அதனால் மண் தோண்டும்போது பைக்குள் மண் போகாது, கர்ப்பகாலம் சுமார் பன்னிரண்டரை நாள்தான்.

இவை எல்லாமே உண்மைதான், ஆனால் வேறொரு பிராணியைப் பற்றிய உண்மைகள். ஆஸ்திரேலியாவில் பேண்டிகூட் என்று சொல்லப்படுவது கங்காரு, கோவாலா போலப் பையுள்ள பாலூட்டி. எலிக்கும் அதற்கும் உறவு இல்லை. அகராதியில் தப்பில்லை, தேடலில் தப்பில்லை, படத்தின் குறிப்பிலும் தப்பில்லை. மூன்றையும் ஒரு சார்ட்டில் ஒட்டியபோதுதான் தப்பானது.

ஒட்டுவதற்கு முன்னால் என்னிடம் காட்டினார்கள். அன்று மாதத் தேர்வு விடைத்தாள் கட்டு மேஜையில் கிடந்தது. “நல்லா இருக்கு, எழுத்துப்பிழை பார்த்துக்குங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பை என்ற சொல் என் கண்ணில் பட்டதா என்று பிறகு என்னையே கேட்டுப் பார்த்தேன். பட்டிருந்தால் அப்போதே நிறுத்தியிருப்பேன்.

கண்காட்சி நாள்

காலையில் தமிழாசிரியர் ஒருவர் சார்ட்டின் முன் நின்று, படத்தின் தலைப்பில் இருந்த பேண்டிகூட் என்ற சொல்லைப் பார்த்தார். பழைய இலக்கியம் நன்றாகப் படித்தவர், மாணவர்களுக்குப் பிடித்தமானவர். “இது நம்ம சொல்லுடா. பண்டி என்றால் வயிறு. கூடு என்றால் கூடு. வயிற்றிலே கூடு வைத்த பிராணி, பண்டிக்கூடு. பாருங்க, பை இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க!” என்றார். பண்டி என்றால் வயிறு என்பது அகராதியில் உள்ள பொருள்தான். நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மாணவன் உடனே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அதைச் சார்ட்டின் ஓரத்தில் எழுதிவிட்டான்.

மதியம் நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர். படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இது எந்த வயல்லம்மா பிடிச்சது?” என்றார். கடுமையாக எதுவும் சொல்லவில்லை. களக்குறிப்பு நோட்டைப் புரட்டி, இது அருமை என்றார். படமும் அதன் கீழுள்ள குறிப்பும் வேறு கண்டத்துப் பிராணியுடையவை என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். பரிசு கிடைக்கவில்லை.

அதைவிடப் பெரிதாகப் பட்டது, மாணவியின் பாட்டி வந்து சிரித்ததுதான். படத்தைக் காட்டி இதுதான் பெருச்சாளி என்று பேத்தி சொன்னதும், அவர் தெலுங்கில், “இதா? பந்திகொக்கை நான் பார்த்ததே இல்லையா?” என்று கேட்டார். சுற்றி நின்ற பெற்றோர்களில் தெலுங்கு தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

முதலில் எடுத்த முடிவு

மறுநாள் படத்தைக் கிழித்து எடுக்கச் சொன்னேன். பேண்டிகூட் என்ற சொல்லையும் அடித்துவிட்டுப் பெருச்சாளி என்று மட்டும் எழுதச் சொன்னேன். காரணம் எளியது. குழப்பம் ஆங்கிலச் சொல்லால் வந்தது, சொல்லை எடுத்தால் குழப்பம் போய்விடும் என்று நினைத்தேன்.

அப்போது மாணவி கேட்டாள்: “சார், அவ்வா சொல்றது பந்திகொக்கு. இங்கிலீஷ்ல பேண்டிகூட். ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்குதே?”

நான் சொன்ன பதிலை மறைக்காமல் எழுதுகிறேன். “ஒலி ஒத்திருந்தா எல்லாம் ஒண்ணாயிடுமா? அப்படிப் பார்த்தா உலகத்துல எல்லாச் சொல்லும் நம்ம ஊர்ச் சொல்தான்” என்றேன். முந்தின நாள் பண்டிக்கூட்டுக்குக் கைதட்டிய வெட்கம் அதில் இருந்தது. ஒரு தப்பான சொற்பிறப்பை நம்பி ஏமாந்தவன், அடுத்து வந்த சரியான சொற்பிறப்பின் முகத்தில் கதவைச் சாத்தினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தாள்.

மாணவன் தன் பங்குக்கு, “பந்தின்னா சாப்பாட்டுப் பந்தி, கொக்குன்னா கொக்கு. பந்தியில உட்கார்ந்த கொக்கு!” என்றான். வகுப்பே சிரித்தது. தமிழ்க் காதுக்கு ஒன்றாகவே கேட்டாலும் தெலுங்கில் பொருள் வேறாக இருக்கலாம் என்பதற்கு அவனுடைய கிண்டல் நல்ல எடுத்துக்காட்டு என்று பிறகு தோன்றியது.

தேடிப் பார்த்தது

அன்றிரவு உறுத்தல் தாங்காமல் நானே தேடினேன். ஆங்கிலேயர் இந்தியாவில் பொறுக்கிக்கொண்ட சொற்களைத் தொகுத்து யூலும் பர்னெலும் 1886-இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இணையத்தில் முழுசாகக் கிடைக்கிறது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னாட்டு மொழிகளில் புழங்கியவர். அதில் பேண்டிகூட் என்ற சொல்லுக்கு நேராக, தெலுங்குப் பந்திகொக்கு என்பதன் திரிபு, நேர்ப்பொருள் ‘பன்றி எலி’ என்று இருந்தது. இன்றைய ஆங்கில அகராதிகளும் அதையேதான் சொல்கின்றன.

பாட்டியின் சொல்லேதான்.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக அந்தப் பெண்ணிடம், நீ சொன்னது சரி, நான்தான் அவசரப்பட்டேன் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று பீரியடை இதற்கே கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஒலி ஒத்திருப்பது போதாது என்று நான் சொன்னது தப்பில்லை. பண்டிக்கூடும் ஒலி ஒத்துத்தான் இருந்தது, பொருளும் அழகாகப் பொருந்தியது. அப்படியானால் ஒன்று பொய், இன்னொன்று மெய் என்பதற்கு என்ன ஆதாரம்? அதைச் சொல்லாமல் ‘அகராதியில் இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால், நாளைக்கு இன்னொரு புத்தகத்தில் பண்டிக்கூடு இருந்தால் அதையும் நம்புவார்கள்.

கரும்பலகையில் பன்றிக்கு நான்கு மொழிச் சொற்களை எழுதினோம். தமிழில் பன்றி, பேச்சில் பன்னி. மலையாளத்தில் பன்னி. தெலுங்கில் பந்தி. கன்னடத்தில் ஹந்தி. தமிழில் ‘ன்ற’ வரும் இடத்தில் தெலுங்கில் ‘ந்த’ வருகிறது, பழைய ‘ப’ கன்னடத்தில் ‘ஹ’ ஆகிறது, பால் ஹாலு ஆனதுபோல. இது ஒரு குடும்பத்துச் சொல் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அடுத்தது கொக்கு. தமிழ்க் காதுக்குப் பறவை. தெலுங்கில் அந்தப் பறவை கொங்க, கொக்கு என்றால் பெரிய எலி. மாணவன் தன் பந்திக் கொக்கை அழித்துவிட்டு, கொக்கு படம் மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவைத்தான்.

பிறகு காலம். பண்டிக்கூட்டின் கதை அங்கேதான் உடைந்தது. ஆங்கிலேயர் இந்தப் பெயரை முதலில் சொன்னது நம் ஊர் எலியைத்தான். ஆஸ்திரேலியப் பிராணிக்கு அதை வைத்தவர் ஜார்ஜ் பாஸ், 1799-இல். கப்பல் மருத்துவர், கடற்பயணி. ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவே உள்ள நீரிணைக்கு அவர் பெயர்தான். மூக்கு நீண்டு, மண்ணைக் கிளறித் திரியும் ஒரு பிராணியைப் பார்த்தார்கள், தெரிந்த பெயரைப் போட்டுவிட்டார்கள். ஆக, சொல் பிறந்தபோது பையே கிடையாது. பையில்லாத எலிக்கு ‘வயிற்றில் கூடு’ என்று எவர் பெயர் வைப்பார்? விளக்கம் அவ்வளவு அழகாகப் பொருந்தியதற்குக் காரணம், அது தவறான படத்துக்குப் பொருந்தியது.

இதைத் தமிழாசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம் இருந்தது. மூத்தவர். ஓய்வறையில் தனியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “பையை வச்சுத்தான் நான் சொன்னேன், பை இல்லைன்னா சொல்லியிருக்க மாட்டேன்” என்றார். அப்புறம் அவரே வகுப்புக்கு வந்து, அந்தச் சிவப்பு வரியைத் தன் கையால் அடித்துவிட்டு, பன்றி–பந்தி உறவை என்னைவிடத் தெளிவாக விளக்கினார்.

விலங்கியல் பெயர்களையும் பார்த்தோம். ஆஸ்திரேலியப் பிராணியின் பேரினப் பெயர்களில் ஒன்று பெரமேலிஸ்: கிரேக்கத்தில் பெரா என்றால் பை, லத்தீனில் மேலிஸ் என்றால் வளைக்கரடி. நம் எலிக்கு பேண்டிகோட்டா என்ற பேரினப் பெயரை 1873-இல் வைத்தவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்ட் கிரே. பெரிய பெருச்சாளி பேண்டிகோட்டா இண்டிகா. வயல்களில் அதிகம் பார்க்கும் சிறியது பேண்டிகோட்டா பெங்காலென்சிஸ். லத்தீன் உருவில் இருந்தாலும் உள்ளே இருப்பது தெலுங்கு விவசாயியின் சொல். மாணவிக்கு இது மிகவும் பிடித்துப்போனது. பேரினப் பெயரைச் சாய்வெழுத்தில் எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நோட்டு முழுக்கச் சாய்த்துச் சாய்த்து எழுதினாள்.

வரப்பில் ஒரு காலை

ஏன் பன்றி? இதற்குப் புத்தகத்தைவிட வயல் நல்ல இடம் என்று தோன்றியது. தலைமையாசிரியரிடம் சொல்லி, பெற்றோர் கையெழுத்து வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை மாணவியின் அப்பா நிலத்துக்குப் போனோம். எலிக்காய்ச்சல் பயம் உண்டு என்பதால் நிபந்தனை வைத்தேன்: யாரும் வளையில் கை விடக்கூடாது, எலியைத் தொடக்கூடாது, பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும், வெறுங்காலோடு சேற்றில் இறங்கக்கூடாது.

எலி பிடிக்க வந்தவர் பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்த இருளர் பெரியவர். வரப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். புது மண் தள்ளியிருந்த வாயை விட்டுவிட்டு, மற்ற வாய்களைத் தேடித் தேடி மண்ணால் அடைத்தார். ஓட்டை போட்ட மண்சட்டியில் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, வளை வாயில் கவிழ்த்து, ஓட்டை வழியாக ஊதினார். அடைக்காமல் விட்ட ஒரு விரிசலில் நாலைந்து நிமிடத்தில் புகை வந்தது. “அங்கதான்” என்று சொல்லி அங்கே கடப்பாரை போட்டார்.

ஒரு முழத்துக்குக் கீழே சின்ன அறை. அதில் வேர்க்கடலைக் காய்கள், மண்கூட ஒட்டாமல், இரண்டு கை நிறைய அள்ளும் அளவுக்கு. மாணவியின் அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். இன்னும் தோண்டியதும் அது வந்தது. கறுப்பான முரட்டு முடி முதுகில் சிலிர்த்து நின்றது, மூக்கு மொட்டையாக அகன்றிருந்தது, கால் அழுத்தமாக ஊன்றியிருந்தது. பெரியவர் கம்பால் அழுத்தியபோது ஒரு சத்தம் போட்டது. கீச்சென்ற எலிச்சத்தம் இல்லை, தொண்டையிலிருந்து வந்த உறுமல். மாணவன் என்னைத் திரும்பிப் பார்த்து, “பன்னி சார்” என்றான்.

பிடித்த எலியும் வளையில் கிடைத்த காயும் தோண்டியவருக்கு என்பது இங்கே வழக்கம். அவர் துண்டில் கட்டிக்கொண்டு போனார். கூலி தனி.

பிறகு நடந்தது

சார்ட்டைப் புதிதாகச் செய்தார்கள். இடப்பக்கம் மாணவன் வரைந்த பெருச்சாளி, வலப்பக்கம் பழைய படம். கிழித்ததை மாணவி பத்திரமாக வைத்திருந்தாள். நடுவில் தெலுங்கு நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு அம்புக்குறி, மேலே 1799. கீழே அவர்கள் தாமாகச் சேர்த்த ஒரு செய்தி: ஆஸ்திரேலியப் பேச்சில் பேண்டிகூட் ஒரு வினைச்சொல்லும்கூட. உருளைக்கிழங்குச் செடியின் தலையை அப்படியே விட்டுவிட்டுக் கீழேயிருக்கும் கிழங்கை மட்டும் திருடுவதற்கு அப்படிச் சொல்வார்கள். அதன் பக்கத்தில் தங்கள் களநோட்டின் வரியை ஒட்டினார்கள்: மேலே செடி பச்சையாக இருக்கிறது, பிடுங்கினால் கீழே காய் இல்லை. இந்த யோசனை என்னுடையது இல்லை.

இழப்பும் உண்டு. மூன்று பீரியடில் போக வேண்டிய பாடம் பின்தங்கியது, கடைசியில் ஓட்டமாக நடத்தினேன். சொல்லாராய்ச்சியில் ஆர்வம் இல்லாத சில பிள்ளைகள் இரண்டாவது நாளே தூங்கிவிட்டார்கள். மாணவியின் அப்பா சார்ட்டை முழுக்கப் படித்துவிட்டு, “பேர் கெடக்கட்டும் சார், மிச்ச வளைக்கு என்ன பண்றது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த நடுவரிடமே போனில் கேட்டு, வரப்பை ஒடுக்கி வைப்பது, நடவுக்கு முன்பே ஊரே சேர்ந்து வளைகளைத் தோண்டுவது, கிட்டி என்ற எலிப்பொறி வைப்பது பற்றி எழுதிக் கொடுத்தோம்.

மறுபடி செய்தால்

ஆங்கிலப் பொதுப்பெயரை மட்டும் வைத்துப் படம் தேட விடமாட்டேன். ஒரே பொதுப்பெயர் இரண்டு கண்டத்தில் இரண்டு பிராணிக்கு இருக்கலாம். அறிவியல் பெயரைப் போட்டுத் தேடியிருந்தால் அன்றைக்கு முதலிலேயே எலி வந்திருக்கும். இப்போது திட்டப்பணித் தாளில் வட்டாரப் பெயர், வீட்டில் சொல்லும் பெயர், அறிவியல் பெயர் என்று மூன்று கட்டம் வைத்திருக்கிறேன். வீட்டுப் பெயரை எந்த மொழியிலும் எழுதலாம். பாட்டி சொன்னால் தெலுங்கு எழுத்திலேயே எழுதலாம்.

யாராவது ஒரு சொல்லுக்கு மூலம் சொன்னால் மறுக்கவும் மாட்டேன், கைதட்டவும் மாட்டேன். எந்த ஆண்டில், யார் வாயில், எந்தப் பொருளை முதலில் குறித்தது என்று கேட்டு எழுதி வைக்கச் சொல்கிறேன். போன மாதம் அதே மாணவி ‘முங்கிச’ என்று எழுதிக்கொண்டு வந்தாள், தெலுங்கில் கீரி. ஆங்கிலத்தில் மங்கூஸ். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு அகராதியை எடுத்தேன். ஆங்கிலத்துக்குப் போனது மராத்தியின் மங்கூஸ். தெலுங்குச் சொல் அதற்கு உறவு. ஆங்கிலத்தில் கூஸ் என்றால் வாத்து, ஆனால் இந்தச் சொல்லுக்கும் வாத்துக்கும் சம்பந்தம் இல்லை. அதனால்தான் பன்மையில் கீஸ் ஆகாமல் மங்கூசஸ் என்றே சொல்கிறார்கள் என்று விளக்கினேன்.

பின்பெஞ்சிலிருந்து மாணவன், “அவங்களுக்கு வாத்து, நமக்குக் கொக்கு” என்றான்.